சிவப்புக் கண்ணாடியை இரண்டாக வெட்டிய நாள்

மண்ணெண்ணெய் வாசம்...

கண்ணாடி வெட்டும் வைர முனையை ஒவ்வொரு கோட்டுக்கும் முன் மண்ணெண்ணெயில் தொட்டு எடுப்போம். புத்தளம் டவுனில் அந்தக் கடையில் வேலை செய்த காலத்தில் என் சேர்ட், என் தலையணை, நான் தின்ற பாண் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான்.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம். எனக்கு இருபத்தாறு வயது. கடையில் வெட்டுவது முழுக்க நான்தான். முதலாளிக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் கதை மங்கவில்லை. சவூதியில் தொங்கு விளக்குக் கடையொன்றில் வருஷக்கணக்காக வேலை செய்தவர். கண்ணாடியைப் பற்றித் தொடங்கினால் நிறுத்த மாட்டார்.

ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு உம்மா வந்தார். பின்னால் இரண்டு மகள்மார். மூத்தவர் ஃபரீதா, இளையவர் ரிஸ்னா. உம்மாவின் கையில் பழைய சாரியில் சுற்றிய ஏதோ ஒன்று. மேசையில் வைத்து மெல்ல மெல்லப் பிரித்தார்.

சிவப்புக் கண்ணாடி. மாதுளை முத்து நிறம். நடுவில் வெள்ளையாக ஒரு கொடி, இரண்டு பூ.

"இது வாசல் கதவுக்கு மேல போட்டிருந்தது மகன். மன்னார் தீவுல, எங்கட வீட்டுல. தொண்ணூறுல இயக்கக்காரங்க முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊர விட்டு வெளிக்கிடச் சொன்னப்ப இவங்கட வாப்பா இதத்தான் கழட்டினாரு. எல்லாரும் அரிசி தூக்குறாங்க, நீங்க கண்ணாடி தூக்குறீங்களே எண்டு ஏசினேன். 'கதவத் தூக்க ஏலாதே புள்ள' எண்டாரு."

அந்தக் கண்ணாடி வள்ளத்தில் கற்பிட்டி வந்து, ஓலைக் கொட்டிலில் இருந்து, கல்வீட்டு அலுமாரிக்குப் போயிருக்கிறது. கழற்றிய மனிதர் மவுத்தாகிவிட்டார். இப்போது ஃபரீதா புருஷனோடு மன்னாருக்கே திரும்பிப் போகிறார். ரிஸ்னா புத்தளத்தில் கலியாணம் முடித்தவர். இங்கேதான்.

"ரெண்டா வெட்டித் தாங்க. ஆளுக்குப் பாதி."

முதலாளி அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் வெள்ளைத் தாடி முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"இது உள்ளுக்கு வெள்ளக் கண்ணாடிதான். மேல மெல்லிசா ஒரு சிவப்புத் தோல். அதச் செதுக்கித்தான் பூ எடுத்திருக்கான். அந்தக் காலத்துல சிவப்பு வர செம்போ தங்கமோ கலந்து உருக்குவாங்க..."

பிறகு கேட்க வேண்டுமா? கண்ணாடியை ஊதிச் செய்யப் பழகியது ஷாம் தேசத்து, அதாவது சிரியாப் பக்கம் என்றார். பள்ளிவாசல் விளக்குகளில் தங்கத்தாலும் நீலத்தாலும் குர்ஆன் ஆயத்து எழுதினார்கள் என்றார். அதையெல்லாம் பார்த்துப் பழகிய வெனிஸ்காரன், தொழில் வெளியே போய்விடும் என்று பயந்தானாம்.

"கண்ணாடி செய்றவங்க எல்லாரையும் ஒரு தீவுல வச்சான். தீவ விட்டுப் போக ஏலாது. போனா தண்டனை."

உம்மா பழைய சாரியை மடித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"அவங்கள தீவ விட்டுப் போகாத எண்டான். எங்கள தீவ விட்டுப் போ எண்டாங்க" என்றார்.

முதலாளி கதையை அதோடு நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

நான் அளவு நாடாவை எடுத்தேன். அப்போது ஃபரீதா தடுத்தார்.

"வெட்ட வேணாம் உம்மா. ரிஸ்னாவே வச்சிக்கட்டும்."

"எனக்கு வேணாம்" என்றார் ரிஸ்னா. "அது அந்தக் கதவுக்குரியது. தாத்தா கொண்டு போகட்டும்." எங்களில் அக்காவைத் தாத்தா என்போம்.

"நீதான் வாப்பாவக் கடைசி வரைக்கும் பாத்த..."

"இல்ல, நீங்க..."

சண்டை இல்லை. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத்தான் கதைத்தார்கள். ஆனால் உம்மாவின் முகம் மாறியது.

"ரெண்டு பேருமே வேணாம் வேணாம் எண்டா நான் எங்க போறது?"

வெளியே ஒரு பஸ்காரன் "கொழும்பு, கொழும்பு" என்று கத்திக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரமும் அவர்கள் கதைத்தது கண்ணாடியைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நீங்க வெட்டுங்க மகன்."

பழைய கண்ணாடி ஒரே கனத்தில் இருக்காது. உள்ளே குமிழ் இருக்கும். கோடு எங்கே ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்பில்லாத பக்கம் மேலே வரத் திருப்பிப் போட்டேன். பிஸ்மி சொல்லிக் கோட்டை இழுத்தேன். அடியில் மெல்லத் தட்டி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன்.

'டக்'.

பாதி வரை நேராக வந்தது. பிறகு ஒரு குமிழில் பட்டு வளைந்து போய்விட்டது. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பூ இரண்டும் பெரிய துண்டோடு. சின்னதில் கொடியின் வால் மட்டும்.

இரண்டு துண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "உம்மா... மன்னிச்சிக்கோங்க..."

யாரும் எதுவும் சொல்வதற்கு முன் ரிஸ்னா சின்னத் துண்டை எடுத்துக்கொண்டார். "இது எங்கட குசினி ஜன்னலுக்குச் சரி. பெரிசு அங்க கதவுக்கு." வெட்டிய விளிம்பில் அவர் விரல் கீறி இரத்தம் வந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். ஃபரீதாதான் அழுதார்.

முதலாளி மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்க எங்க இரிக்கப் போறீங்க?"

உம்மா பழைய சாரியால் பெரிய துண்டைச் சுற்றினார்.

"நோன்புக்கு இங்க. பெருநாளைக்கு அங்க. பஸ் இரிக்கிது தானே."

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஸ்டாண்டில் கண்டிருக்கிறேன். ஒரு பை, ஒரு குடை, மன்னார் பஸ்ஸில் ஜன்னலோர சீட். என்னைக் கண்டால் கையைத் தூக்கிக் காட்டுவார். பிறகு ஒரு வருஷம் காணவில்லை. விசாரித்தேன்... போய்ச் சேர்ந்துவிட்டாராம். இன்னா லில்லாஹ்.

இப்போது பாலாவிச் சந்தியில் எனக்குச் சொந்தமாக ஒரு அலுமினியக் கடை. ஆட்கள் போனில் பூ டிசைன் காட்டுகிறார்கள். ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டிக் கொடுக்கிறோம். சிவப்பு, நீலம், எந்த நிறமும் ஒரே நாளில். கதவுக்கு டெம்பர்ட் கண்ணாடிதான். அளவை அனுப்பினால் வெட்டி, சூடேற்றி, முடித்து வரும். நல்ல சாமான். கல்லெறிந்தாலும் லேசில் உடையாது. உடைந்தாலும் உப்புக்கல் மாதிரி உதிருமே தவிர யார் கையையும் பெரிதாக வெட்டாது.

ஒரு குறைதான். அதில் ஒரு தடவை சூடேற்றி எடுத்த பிறகு, யாராவது வந்து ஆளுக்குப் பாதி கேட்டால் வெட்டிக் கொடுக்க முடியாது.