தீர்ப்புக்கு முந்திய பக்கம்

வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்காரர் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, இயந்திரத்திலிருந்து சூடாக வரும் ஒவ்வொரு தாளையும் வாசித்த பிறகுதான் அடுக்குவார்.

என் ஆங்கில இலக்கிய வகுப்புக்காக அவரிடம் ஒரு நாவலைக் கொடுத்திருந்தேன். செய்யாத குற்றத்துக்காக ஒரு கறுப்பினத்தவர் கூண்டில் நிற்பதை ஒரு சிறுமி சொல்லும் கதை. பன்னிரண்டு பிரதிகளும் தீர்ப்புக்கு முந்திய பக்கத்தோடு நின்றிருந்தன.

“மிச்சம் எங்க அண்ணை? திங்கட்கிழமை பாடம் எடுக்கவேணும்!” என்று பொரிந்து தள்ளினேன்.

“நான்தான் அடிக்கேல்ல, மிஸ். பின்னுக்கு வாசிச்சுப் பாத்தனான். அந்த மனுசனை விட்டுடுவாங்கள் எண்டு பிள்ளையள் இன்னும் கொஞ்ச நாளைக்கு நம்பட்டுமே.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை நாவலைத் தொடாமல் கவிதைப் பாடம் எடுத்தேன்.