பஸ்ஸில் ஏறியவன்

சனிக்கிழமை பின்னேரங்களில் மகளை வெள்ளவத்தைக்கு வயலின் வகுப்புக்குக் கூட்டிப்போகிறேன். நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனை கொழும்பின் மறுகோடி; புறக்கோட்டைக்கு வந்து பஸ் மாறவேண்டும். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. ஆசிரியையின் கராஜில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருக்கும். தாய்மார் நாங்கள் அதில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்போம்.

அங்கேதான் என் சரித்திர நாவல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினேன். பிள்ளைகளின் கொப்பிக்குப் போடுவதுபோலப் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, காலவரிசைப்படி கொடுத்தேன். முதலில் சோழர் காலம். அடுத்தது, போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதை. அதன் பிறகு, இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துபோனவர்களின் கதை. அதை வாசித்த கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. அரசர் கதைகளில் யார் வென்றது, யார் தோற்றது என்றாவது தெரியும். இதில் வழியில் விழுந்தவர்களை யார் புதைத்தது என்பதே தெரியாது. அதனால்தான் எல்லோரும் வாசிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

"உங்கட ராசாக்களுக்கு வேற வேலையில்லையோ? எந்நேரமும் குதிரையில திரியினம்," என்று ஒரு தாய் பகிடி பண்ணுவா.

"பெற்றோலுக்கு லைனில நிக்கத் தேவையில்லைத்தானே," என்பா இன்னொருத்தி.

கடைசிக் கதிரையில் இருப்பவ மட்டும் சிரிக்கமாட்டா. முல்லைத்தீவுக்காரி. கணவரின் வேலையால் கொழும்புக்கு வந்தவ. அவவையும் எங்களோடு சேர்க்கவேண்டும் என்றுதான் கடைசி யுத்தத்தைப் பற்றிய நாவலைக் கொடுத்தேன். "உங்கட இடத்துக் கதை. எல்லாம் உண்மையாம்," என்றேன். உண்மைச் சம்பவங்களைத் தழுவியது என்று முதல் பக்கத்தில் இருந்தது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அதே யோசனை. கொடுத்திருக்கக்கூடாதோ? திருப்பிக் கேட்டால் குறைவாக நினைப்பாவோ? மகள் இரண்டு தரம் தண்ணீர் கேட்டதுகூட எனக்குக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவ என் பக்கத்தில் வந்து இருந்தா. புத்தகத்துக்குள் அடையாளமாகத் தலைக்குக் குத்தும் கிளிப் ஒன்றைச் செருகியிருந்தா.

"அக்கா, இதில ஒரு பெடியன் வாறான். இடது புருவத்தில வெட்டுக்காயம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தோளில வைச்சுக்கொண்டு கடலேரித் தண்ணிக்குள்ளால நடக்கிறான்."

"ஓம்."

"என்ர தம்பிக்கும் அதிலதான் காயம். அவனும் முன்வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினவன். அதுக்குப் பிறகு நாங்கள் அவனைக் காணேல்லை."

அவ கிளிப் இருந்த பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தா.

"கதையில அவன் கரைக்கு வந்து, தப்பி வந்த சனத்தை ஆமி ஏத்தின பஸ்ஸில ஏறுறான். அதோட விட்டிட்டார். அந்த பஸ் எங்க போனது எண்டு எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கும்தானே? எல்லாம் உண்மை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? அவரை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ அக்கா."

நாவல், கற்பனை என்று விளக்க வாயெடுத்தேன். அவவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேக்கிறன்," என்றேன்.

அன்றைக்கே பதிப்பகத்துக்கு ஈமெயில் எழுதினேன். மூன்றாம் நாள் எழுத்தாளரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. பலரிடம் கேட்டதை ஒன்றாக்கிச் செய்த பாத்திரமாம். புருவத் தழும்பு அவரே கற்பனையாக வைத்ததாம். ஒருவனாவது தப்பட்டும் என்றுதான் பஸ்ஸில் ஏற்றினாராம்.

அந்தப் பதிலைப் போனில் எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. சொல்லத்தானே வேண்டும் என்றார் என் கணவர். சொல்லத்தான் வேண்டும். சனிக்கிழமை வரும்வரை, சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும், அதற்கான வசனங்களைப் பாடமாக்கினேன்.

"பதில் வந்ததோ அக்கா?"

"இன்னும் வரேல்லை."

"அவருக்கும் எத்தனை வேலை இருக்கும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

மாற்றி வாசிக்க ஒரு சோழர் கதையை நீட்டினேன். "இதில எல்லாரும் எப்பவோ செத்திட்டினம், என்ன?" என்று கேட்டு வாங்கினா. மற்றதைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அவ கடைசிக் கதிரையில் இருப்பதில்லை. அதை இழுத்து வந்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறா. நான் போனை எடுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறா.