அடுப்பில்லாத கடற்கரை

பெங்களூரில் கடல் இல்லை என்பதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. என் பையனுக்குத்தான் அது பெரிய அவமானம். மூன்றாம் வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் பையன் லீவுக்குக் கடற்கரைக்குப் போய், நண்டைத் துரத்திவிட்டு வந்திருக்கிறான். "நாம மட்டும் எப்பப் பாத்தாலும் லால்பாக்தான். அங்க என்ன இருக்கு, மரம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஒன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த பாப்பாவும் அண்ணனோடு சேர்ந்துகொண்டு "மரம், மரம்" என்று வீட்டைச் சுற்றி வந்தாள்.

ஸ்ரீராம்புரத்தில் எங்களுடையது இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரருக்கு வைட்ஃபீல்டில் வேலை. விடியற்காலையில் கம்பெனி வண்டி மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் டிபன், அவருக்குச் சாப்பாட்டு டப்பா. அவர் போனதும் பிள்ளைகளுக்கு டப்பா, அப்புறம் மத்தியானச் சமையல், சாயங்காலம் ஏதாவது கொறிக்க, ராத்திரிக்குச் சப்பாத்தி. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல். சுரங்கத்துச் சங்கு ஊதினால் அப்பாவுக்கு ஷிஃப்ட் முடிந்துவிடும். எங்கம்மாவுக்கு எந்தச் சங்கும் ஊதியதில்லை. அதைப் பார்த்துப் பார்த்து, நான் இப்படி ஆகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டுதான் வளர்ந்தேன். நன்றாகச் சொன்னேன் போங்கள், அச்சு அசல் அப்படியே ஆகியிருந்தேன்.

அதனால் ஒரு ராத்திரி அவர், "சரி, இந்த மே மாசம் மூணு நாள் கடலுக்குப் போறோம்" என்று அறிவித்தபோது, பிள்ளைகள் அலையையும் மணலையும் நினைத்துக் குதித்தார்கள். நான் நினைத்தது வேறு. மூன்று நாள் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரோ சமைத்து, யாரோ கொண்டுவந்து, என் முன்னால் ஒரு தட்டை வைப்பார்கள். கடல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எனக்கு அந்தத் தட்டு வேண்டும்.

மறுநாளே அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி, கத்தையாகக் காகிதங்களை அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முதல் காகிதத்தை என் முன்னால் விரித்து, கல்யாணப் பெண்ணின் போட்டோவைக் காட்டுகிற தரகர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"கார்வார் பக்கம். ஃபேமிலி ரிசார்ட்டாம். ரூமோட கிச்சன் இருக்கு, கேஸ் இருக்கு, பாத்திரம் பண்டம்கூட அவங்களே தர்றாங்க."

"கிச்சன் எதுக்குங்க?"

"எதுக்கா? பசங்களுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்குமா? போன இடத்துல வயித்தைப் படுத்துச்சுன்னா யார் பாக்கறது? நீ ஏதோ ஒரு ரசம், ஒரு பொரியல், சிம்பிளா வச்சுடு. அதுக்குத்தான் ஃபேமிலி ரிசார்ட்டுன்னு பேரே."

அடப்பாவி மனுஷா என்று உள்ளே ஒரு சத்தம் கேட்டது. வெளியே, "ஆமாங்க, நல்ல இடமாத்தான் தெரியுது. போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றேன். எங்கள் போனில் ஸ்பீக்கர் பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டு, அந்தப் பக்கம் எடுத்தவரிடம் கன்னடத்தில் குழந்தைகள், வெந்நீர், கொசு என்று வரிசையாக விசாரித்தேன். கடைசியில் போகிற போக்கில் கேட்பது போல, "ஹாவு பர்த்தாவா?" என்றேன். பாம்பு வருமா என்று.

நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியவில்லை. "பர்த்தவே மேடம், ஆதரே ஏனூ மாடல்ல" என்றார். வருமாம், ஆனால் ஒன்றும் செய்யாதாம்.

என் வீட்டுக்காரர் பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே காலை மேலே தூக்கிக்கொள்கிற ஜாதி. அந்தக் காகிதம் அன்றைக்கே பாப்பா படம் வரையப் போய்விட்டது.

இரண்டாவது இடத்தில் கிச்சன் மட்டுமில்லாமல் மிக்ஸியும் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டேன், ஸ்பீக்கரை அழுத்தினேன். "ரூம்ல டிவி இருக்குதாங்க?" என்று ஒரே கேள்விதான். "நோ டிவி மேடம், ஒன்லி நேச்சர்" என்று பெருமையாகப் பதில் வந்தது. அந்த வாரம் கிரிக்கெட் மேட்ச் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "நேச்சர் நம்ம லால்பாக்லயே இருக்குதே" என்று காகிதத்தை மடித்து வைத்தார். பையன் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீ ஏன்மா சிரிக்கிற?" என்றான். பல் வலி என்றேன்.

அப்போதுதான் சென்னையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தார், என் வீட்டுக்காரரின் அக்கா. மகாபலிபுரம் போகிற வழியில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமாம். "கிச்சன் மட்டுமே உங்க வீடு அளவு இருக்கு. நாங்களும் எல்லாரும் வந்துடறோம், சேந்து இருக்கலாம்" என்றார். எல்லாரும் என்றால் அக்கா, மாமா, மூன்று பிள்ளைகள், மாமாவின் தம்பி. அங்கே பாம்பும் இல்லை, டிவியும் இருக்கிறது, என்னத்தைச் சொல்வது?

"ஐயோ, அவசியம் வாங்க அண்ணி!" என்றேன். "ஒண்ணே ஒண்ணு. மீன் குழம்பு மட்டும் நீங்கதான் வைக்கணும். மூணு நாளும். உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்? உங்க தம்பி இன்னமும் அதையே சொல்லிச் சொல்லி என் உயிரை எடுக்கறாரு. நான் கூடமாட ஒத்தாசைக்கு நிக்கறேன்."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று அண்ணி போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அண்ணியின் முழங்கால் வீங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. டாக்டர் மணலில் நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

காகிதக் கத்தையில் அடியில் ஒன்று கிடந்தது. உடுப்பிக்கு வடக்கே, தென்னந்தோப்புக்குள் பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள், அலை அதிகமில்லாத கரை, டிவி உண்டு. சமையலறை மட்டும் கிடையாது. எல்லாரும் பொதுக் கூடத்தில்தான் சாப்பிட வேண்டும். பார்த்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் நான் ஒன்றை வேண்டும் என்றால் அது ஏன் வேண்டாம் என்பதற்கு அவரிடம் நாலு காரணம் இருக்கும். நான் வேண்டாம் என்றால்தான் அந்த விஷயத்துக்கே ஒரு மரியாதை வரும்.

"இது சரிப்படாதுங்க" என்றேன். "அடுப்பே இல்லையாம். நான் மூணு நாள் அங்க போயி என்னதான் பண்ணுவேன்?"

சும்மா சொல்லக் கூடாது, கண்ணில் இரண்டு சொட்டுத் தண்ணீரும் வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

"உன் இஷ்டத்துக்கெல்லாம் ஆட முடியாது. இத்தனை இடத்துல இதுதான் உருப்படி" என்று அப்போதே போன் செய்து அறையைப் பிடித்துவிட்டார். நான் மீதி வெங்காயத்தையும் நறுக்கினேன். அன்றைக்கு மட்டும் என்னவோ சமைப்பது கஷ்டமாகவே இல்லை.

பஸ்ஸில் ஏறும்போது அவர் கையில் புதிதாக ஒரு பெரிய ரெக்சின் பை இருந்தது. யாரையும் தொட விடவில்லை. "சர்ப்ரைஸ்" என்று கண்ணடித்தார். எனக்கு ஒரு புடவையாக இருக்கும் என்று பைத்தியக்காரி மாதிரி நினைத்துக்கொண்டேன்.

காலையில் போய்ச் சேர்ந்து கதவைத் திறந்ததும், பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக் கத்தினார்கள். இவர் கட்டிலில் பையை வைத்து ஜிப்பைத் திறந்தார். முதலில் ஒரு கரண்ட் அடுப்பு வந்தது. அப்புறம் குட்டிக் குக்கர். அரிசி, துவரம்பருப்பு, சாம்பார் பொடி, பெருங்காய டப்பா. கடைசியாகத் தேங்காய்த் துருவி.

"அடுப்பில்லாம நான் என்ன பண்ணுவேன்னு கண்ணுல தண்ணி விட்டியே, மனசே கேக்கல. ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கினு வந்தேன்" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தத் தடவை வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

"எனக்குச் சமைக்க வேணாங்க" என்றேன்.

"இன்னைக்கா?"

"மூணு நாளும். அதுக்குத்தாங்க நான் வந்ததே. கடலுக்கு இல்ல."

அவர் துருவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "அப்ப அன்னைக்கு அழுதது?"

"நடிச்சேன்."

"அந்தப் பாம்பு?"

"பாம்பு நிஜம். கேட்டது மட்டுந்தான் நான்."

"அக்கா முழங்கால்?"

"அது உங்க அக்கா நடிப்பு. என் தலையில போடாதீங்க."

பையன் கட்டிலில் விழுந்து சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நேரா சொல்லியிருந்தா என்ன? வேணாம்னா சொல்லிடப் போறேன்?" என்றார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நான் கட்டிலில் கிடந்த அடுப்பைப் பார்த்தேன். அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுப்பைப் பைக்குள் வைத்து, பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். பரிமாறுகிறவர் எனக்குத்தான் முதலில் தட்டு வைத்தார். வெள்ளைவெளேரென்று நீர்தோசை, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி. யார் அரைத்தார்களோ, மகராசியாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு யார் பிய்த்துக் கொடுப்பது என்று பார்க்காமல், அவருக்குச் சட்னி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல், சூடாகச் சாப்பிட்டேன். வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத என் பையன் ஆறாவது தோசையில் இருந்தான்.

பாப்பா மட்டும் சாப்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக எழுந்து பெஞ்சில் ஏறி, நான் அவளுக்குச் செய்வது போலவே புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். நெற்றியிலும் வைத்துப் பார்த்தாள்.

"என்ன பாப்பா?" என்றேன்.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "அப்பா, அம்மாவுக்கு ஜுரம் இல்ல. அப்புறம் ஏன் உக்காந்துனு இருக்காங்க?" என்று கேட்டாள்.

அவர் வாயில் இருந்த தோசையை மென்று முடிக்க வெகுநேரம் பிடித்தது. பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் பாப்பாவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு தோசை கேட்டேன்.