மஞ்சள் கிழங்கு

"உங்க வீட்டம்மா அந்தக் காலத்துல பெரிய பிளேயராமே சார்?" என்று தெருவில் யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்பவர் மேல் அல்ல. பெரிய பிளேயராக ஆகியிருப்பாள். ஆகவிடாதவன் நான்.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தேன். அவளுக்குக் கூடைப்பந்தால் கிடைத்த அரசாங்க வேலை. மதியத்துக்கு மேல் பயிற்சிக்கு விட்டுவிடுவார்கள், ஆட்டம்தான் உத்தியோகம். அவள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் ஆடலாம் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். படித்த மாப்பிள்ளை, சொன்னபடி நடப்பார் என்று அவள் அப்பா நம்பினார்.

ஷிப்டு முடிந்து சைக்கிள் எடுக்கப் போனால் கூட வேலை செய்பவன் ஒருவன் கேட்பான்: "இன்னா மாமே, ஊட்ல டவுசர் நீ போட்டுகினு கீறியா, அவங்களா?" நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்கே என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

கல்யாணமான சில மாதங்களில் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் வந்தது. எங்கள் குடியிருப்பு மைதானத்திலேயே வைத்தார்கள். தேர்வாளர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே என் அம்மா, அக்கம்பக்கத்தார், என் ஷிப்டு ஆட்கள். சின்ன ஆட்டங்களில் தாலியைப் பனியனுக்குள் தள்ளி மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆடிவிடுவாள். அன்றைய நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"கழட்டிட்டு வாம்மா. யார் விரலாவது சங்கிலில மாட்டினா உன் கழுத்தும் போச்சு, அந்தப் பொண்ணு விரலும் போச்சு."

அவள் என்னிடம் ஓடி வந்தாள். கை அதற்குள் கொக்கியில் இருந்தது. "கொஞ்ச நேரம் வெச்சுக்கங்க. முடிஞ்சதும் நீங்களே போட்டு விட்டுடுங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலிருந்து அந்த டவுசர் கிண்டல்காரனின் குரல்: "அண்ணாத்தே உசுரோட கீறாருபா, அதுக்குள்ள கழட்டுறாங்க." நாலு பேர் சிரித்தார்கள்.

"கழட்டினா வீட்டுக்கு வராதே" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள். ஷூவைக்கூட அவிழ்க்காமல் ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாநில அணியை அவள் இல்லாமலே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த ஆட்டத்துக்கும் போகவில்லை. ஆடாதவளுக்குப் பயிற்சி நேரம் எதற்கு என்று அலுவலகத்தில் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க உறைகளில் தபால்தலை ஒட்டினாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னீர்குப்பத்தில் ஒரு மனை விலைக்கு வந்தது. கையில் இருந்தது போதவில்லை. தாலியைச் சங்கிலியோடு கேட்டேன். மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தாள். நான் அடகுக்கடைக்குக் கிளம்புமுன் அம்மா மஞ்சள் தடவிய கயிற்றில் ஒரு கிழங்கை முடிந்து அவள் கழுத்தில் கட்டினாள். "கிழங்கு கட்டினாலும் தாலிதான். நம்ம சனத்துல இல்லாத வழக்கமா?"

என் உயிருக்கு என்ன ஆகுமோ என்று அன்றைக்கு ஒருவரும் கவலைப்படவில்லை. கிண்டல் செய்தவன் வாயைத் திறக்கவில்லை. அவன் பெண்டாட்டி கழுத்திலும் அப்போது மஞ்சள்தான்.

அவள் கிழங்கை விரலால் உருட்டிப் பார்த்தாள். "இதுல தங்கம் இல்ல, கொக்கி இல்ல. யார் விரலும் மாட்டாது, இழுத்தா அறுந்துடும். இதைக் கட்டிக்கிட்டே அன்னிக்கு ஆடியிருப்பேனே. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கும் தோணலையா?"

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு நிச்சயம் தோன்றியிருக்க வேண்டும். விதை வாங்க, உரம் வாங்க என்று அம்மாவின் தாலி கடைக்குப் போவதையும், கழுத்தில் கிழங்கு ஏறுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். நிலத்துக்கென்றால் கழற்றலாம், பிள்ளை படிப்புக்கென்றால் கழற்றலாம். ஒரு பெண் பந்து விளையாட மட்டும் கழற்றக் கூடாது. இந்தக் கேவலத்துக்கு நான் மானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

பின்னாளில் கடனை அடைத்து நகையை மீட்டுக்கொண்டு வந்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"நீங்களே வெச்சுக்கங்க."

அந்த மனையில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். சங்கிலி என் பீரோவில் கிடக்கிறது. ஆடிப்பெருக்கில் கயிறு மாற்றும்போது புதுக் கிழங்கை அவளே முடிந்துகொள்கிறாள். பின்கழுத்தில் முடிச்சுப் போட எவ்வளவு சிரமப்பட்டாலும் என்னைக் கூப்பிடுவதில்லை.