பதினேழாம் கல்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. நகராட்சி அலுவலகத்தில் அவர் மில்லிமீட்டர். சர்வேயராக முப்பத்து நான்கு வருடம் ஊரை அளந்தவர். வீட்டில் மனைவி, "மருந்துக் கடை பக்கத்துலதான், அரை கிலோமீட்டர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், "அறுநூத்தி இருபது மீட்டர்" என்று திருத்திவிட்டுத்தான் அடுத்த வாய் சோற்றை எடுப்பார்.

மனைவியும் அளவெடுக்கிறவள்தான், தையல் டீச்சர். ஆனால் அவள் துணியை வெட்டும்போது எப்போதும் ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்டுவாள். தையலுக்கு விட வேண்டாமா என்பாள். அளவு என்றால் அளவு, அதில் விடுவதென்ன பிடிப்பதென்ன என்பது இவர் கட்சி. இந்த ஒரு விரலை வைத்துக்கொண்டே இருவரும் இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்திவிட்டார்கள்.

அவர் ஓய்வு பெற்ற மறுமாதம் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு பொட்டலம் அனுப்பினாள். உள்ளே சைக்கிள் கைப்பிடியில் பொருத்துகிற சின்ன மீட்டர். போகிற தூரத்தைக் காட்டும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 'பீப்' என்று கத்தும். 'அப்பா அளந்த ஏரிப் பாதையை ரெண்டு பேரும் ஒருநாள் நிதானமா சுத்தி வாங்க' என்று சீட்டு வைத்திருந்தாள்.

மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் மீட்டரை மறுபடியும் பொட்டலத்துக்குள் வைத்து மூடினார்.

ஏரிப் பாதை அவர் வாழ்நாள் சாதனை. இருபத்தெட்டு கிலோமீட்டர். நுனியில் சக்கரம் வைத்த ஒரு கோலைத் தள்ளிக்கொண்டு நடந்தே ஏரியைச் சுற்றி, கிலோமீட்டருக்கு ஒரு கல் நட இடம் குறித்தவர் அவர்தான். நகராட்சிப் பலகையிலும் சுற்றுலாக் கையேட்டிலும் அந்த இருபத்தெட்டுதான் நிற்கிறது. வருடா வருடம் அங்கே ஓட்டப் பந்தயம் நடக்கிறது. வெளியூர் ஓட்டக்காரர்கள் வேறெங்கும் ஓடாத வேகத்தில் இங்கே ஓடிவிடுகிறார்கள். ஏரிக் காற்றுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

பதினாறாம் கல்லுக்கும் பதினேழாம் கல்லுக்கும் இடையே அவர் முழுதாக அளக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நீரேற்று நிலையத்து வாசலில் மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுக் கிளம்பினார்கள். மீட்டர் பொருத்திய சைக்கிளில் மனைவி முன்னால், இன்னொரு சைக்கிளில் அவர் பின்னால். கூடையில் ரொட்டியும் அவித்த முட்டையும். தூண்டில்காரர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்துகள் பாதையின் நடுவில் நின்று, மணியடித்தும் நகரவில்லை.

முதல் கல்லுக்கு நேராக முன்சக்கரம் வந்தபோது மீட்டர் கத்தியது.

"ஏங்க, கரெக்டா கத்துதுங்க!"

"பின்னே?" என்றார் அவர்.

இரண்டாம் கல், மூன்றாம் கல், நான்காம் கல். ஒரு சாண் முன்பின் இல்லை. ஏழாம் கல்லில் அவள் சைக்கிளை நிறுத்திக் கல்லைத் தடவிப் பார்த்தாள். "என்ன இருந்தாலும் நீங்க வேலை தெரிஞ்சவர்தான்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் காதில் விழக் காத்திருந்த சொல். அது இன்றைக்கா வந்து விழ வேண்டும்?

பன்னிரண்டில் முழங்கால் வலிக்கிறது என்றார். "மெதுவாப் போகலாம், யாரு துரத்துறா?" என்றாள். பதினான்கில் டயரில் காற்றில்லை என்றார். அவள் அமுக்கிப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது. பதினாறில் பசிக்கிறது என்றார். அது மட்டும் பலித்தது. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முட்டை ஓட்டை அவர் அவ்வளவு நுணுக்கமாக உரித்து அவள் பார்த்ததில்லை.

"இங்கேர்ந்து திரும்பிடலாமே" என்றார்.

"பாதி தாண்டியாச்சு. திரும்பிப் போனாத்தான் தூரம் ஜாஸ்தி. இது உங்களுக்கு நான் சொல்லணுமா?"

பிறகு நாணலைப் பார்த்துக்கொண்டே அவள் தன் பழைய பாட்டை எடுத்தாள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம் அது. "இந்தப் பக்கத்துலதானே அளந்துக்கிட்டு இருந்தீங்க, நம்ம பொண்ணு பிறந்தப்ப? நான் அங்க வலியில துடிக்கிறேன், இவருக்கு ஏரி முக்கியம். எல்லாம் முடிஞ்சு, விளக்கு வச்சப்புறம் வந்து நின்னீங்களே."

அவர் முட்டை ஓடுகளைக் காகிதத்தில் பொதிந்தார். எந்தச் சண்டையானாலும் இந்த இடத்துக்கு வந்ததும் அவர் வாயடைத்துப் போவார், அவள் ஜெயித்துவிடுவாள்.

மீண்டும் கிளம்பினார்கள். நாணல் முடிந்து மரப்பாலம் தெரிந்தது. அதன் ஓரத்தில் பதினேழாம் கல் அப்பாவி போல நின்றது. மீட்டர் கத்தவில்லை. அவள் இறங்கிக் குனிந்து பார்த்தாள்.

"பதினாறு புள்ளி ஆறு ஒண்ணுன்னு காட்டுதே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மெஷின்தானே..." என்று மென்று விழுங்கினார்.

"அதான். பதினாறு கல்லு வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கெட்டுப்போச்சு. பாவம் பொண்ணு, முதல் சம்பளத்துல ஆசையா வாங்கினா, கடைக்காரன் மட்டமானதைத் தலையில கட்டிட்டான். இருங்க, இப்பவே சொன்னாத்தான் மாத்திக் கொடுப்பான்." ஃபோனை எடுத்தாள்.

"வேணாம்" என்றார்.

"ஏன் வேணாம்?"

"மீட்டர் சரியாத்தான் இருக்கு." குரல் அவருடையது போலவே இல்லை. "கல்லுதான் தப்பு."

அவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். உலகமே தலைகீழானாலும் இந்த மனிதர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. இனி நிறுத்தவும் அவரால் முடியவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்குப் பதினாறு தாண்டி இருநூத்திப் பத்து மீட்டர் வந்திருந்தேன். படகுக்காரர் கரையில நின்னு கத்தினார், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு. நாள் குறிச்சதுக்கு மூணு வாரம் முன்னாடியே வலி. சக்கரத்தை நாணல்ல எறிஞ்சுட்டு ஓடினேன். முட்டி வரைக்கும் சேறு. நர்ஸம்மா உள்ள விடல. பின்னால போய் ஜன்னலுக்குக் கீழே நின்னேன். நீ கத்தினதெல்லாம் கேட்டுது. நம்ம பொண்ணு பிறந்து அழுததும் கேட்டுது. அப்புறம்தான் குழாயில காலைக் கழுவிட்டு உள்ளே வந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"வராந்தாவுல எங்க எஞ்சினியர் நிக்கிறார், வேற யாரையோ பார்க்க வந்தவர். 'பதினேழு முடிஞ்சுதா?'ன்னார். முடிஞ்சுது சார், பாலத்துக்கிட்டன்னு சொல்லிட்டேன். மறுநாள் காலையில நான் போறதுக்குள்ள சிமெண்ட் போட்டுக் கல்லை நட்டுட்டாங்க. நான் சொன்னதை உங்கம்மாவும் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அவர்கிட்ட ஒண்ணு, உங்கிட்ட ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

பெண்டாட்டி பிள்ளையைவிட வேலை பெரிது என்று நினைக்கிற ஆள் என்ற பழியை இருபத்து மூன்று வருடம் சுமந்திருக்கிறார், அளவில் தப்பு விட்டவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இதைச் சொல்லி முடித்தபோது அவருக்கே அது வெட்கக்கேடாக இருந்தது.

அவள் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாயில் வந்தது கோபம்தான்.

"அப்ப நான் இத்தனை வருஷம் போட்ட சண்டையெல்லாம்?"

"அதெல்லாம் நீ நல்லாத்தான் போட்டே."

"இனிமே எதை வச்சுப் போடுவேன்? உருப்படியா இருந்தது இது ஒண்ணுதானே!" முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஊரெல்லாம் நான் வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன். எனக்கும் மானம் மரியாதை இருக்கு."

"நகராட்சியில எழுதிக் கொடுத்துடலாம்னு..."

"ஒண்ணும் எழுத வேணாம். தையலுக்கு விட்டதுன்னு நினைச்சுக்கோங்க."

அளவில் விடுவதென்ன பிடிப்பதென்ன என்று கேட்டே பழகியவர், முதல் தடவையாக எதிர்க்கட்சி பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் கைபட்டோ என்னவோ மகளுக்கு அழைப்பு போய்விட்டிருந்தது. "அம்மா? மீட்டர் எப்படி இருக்கு?" என்று ஃபோன் கேட்டது.

"மீட்டர் தங்கம். உங்கப்பாதான் கொஞ்சம் கோளாறு. நீ பிறந்த அன்னைக்கு ஒரு தப்புப் பண்ணியிருக்கார், வீட்டுக்கு வா, சொல்றேன். உனக்கு மட்டும்தான் சொல்வேன். கிட்டத்தட்ட நானூறு மீட்டர்..."

"முந்நூத்தித் தொண்ணூறு" என்றார் அவர்.