பாலாற்று ஊற்றில் கேட்ட தட்டல்

சாமி வந்து ஆடுகிறவளைக்கூட, "தண்ணி குடிச்சுட்டு ஆடு" என்று சொல்லும் ரகம் நான். பேய், பிசாசு எதையும் நம்பியதில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கச் சுரங்கம் இறங்கிய காலம். ஆண்டர்சன்பேட்டையில் குடியிருந்தோம். ஒருநாள் பாறை சரிந்து என் வீட்டுக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டார். தோண்டிப் பார்த்தவர்கள் சத்தமே இல்லை என்று கைவிட்டார்கள். உடல் கிடைக்காவிட்டாலும் சடங்கை முடிக்க வேண்டும் என்று மாமனார், என் தாலியை இறக்க மாட்டுவண்டியில் பாலாற்றங்கரையில் இருக்கும் பேத்தமங்கலம் கூட்டிப்போனார்.

அந்த ஊரின் அழகைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய பெருமாள் கோயில், கரையெல்லாம் புளியமரம், காலை வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பாலாற்று மணல், நாணலுக்குள் கொக்குகள். என் வயிறு எரியும்போது அது அத்தனை அழகாக இருந்தது எனக்கு ஆத்திரமாக வந்தது.

கோடையில் ஆற்றில் தண்ணீர் ஏது? கூட வந்த நாத்தனார் மணலில் ஊற்று தோண்டினாள். சடங்குக்குத் தண்ணீர் மொள்ளக் குனிந்தேன். குழிக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம், கொஞ்சம் நின்று மறுபடியும். நம்பினால் நம்புங்கள், பாறையில் சுத்தியால் தட்டுகிற சத்தம். மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"இன்னாம்மா, தண்ணி மொள்ளு," என்றார் மாமனார்.

"தட்டுறாரு மாமா. உசுரோட கீறாரு. தாலி மேல யாரும் கை வெக்காதீங்க."

நாத்தனாரும் காது வைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்கலியே அண்ணி," என்று அழுதாள்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். சுரங்க வாசலில் உட்கார்ந்து, மறுபடி தோண்டினால்தான் எழுந்திருப்பேன் என்றேன். என் தொல்லை தாங்காமல்தான் இறங்கினார்கள். சாயங்காலம் அவரைக் கேஜில், ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டில், மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது.

தெம்பு வந்தபிறகு, "எவ்ளோ நேரம் தட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நானா? ரெண்டு கையும் கல்லுக்கு அடியில மாட்டிக்கிச்சே, எங்க தட்டுறது? எனக்குக் கீழருந்துதான் யாரோ தட்டிக்கினே இருந்தாங்க."

அவர் கிடந்த இடத்துக்குக் கீழே அப்போது லெவலே, அதாவது ஆள் போகிற சுரங்கப்பாதையே, வெட்டியிருக்கவில்லை. வெறும் பாறை. இன்றைக்கும் பாலாற்று ஊற்றில் நான் குனிவதில்லை. தட்டியது யாரோ, அவரைத் தோண்டி எடுக்க ஒருவரும் போகவில்லை.