வில்லாஞ் திராட்சைகளை அறிமுகப்படுத்திய எங்கள் அக்கா

எங்கள் அக்கா பிறந்தது பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். வளர்ந்தது ஆனைக்கரையில். வாழ்க்கைப்பட்டது கம்பம் பள்ளத்தாக்கில். பிழைக்கப் போனது ஹங்கேரிக்கு. கண் மூடியது மறுபடியும் ஆனைக்கரையில், அம்மாவின் கட்டிலில். ஒரு பிறவிக்குள் இத்தனை மலை ஏறி இறங்கியவரை ஒரு கட்டுரைக்குள் உட்கார வைக்கப் பார்க்கிறேன், உட்கார மறுக்கிறார்.

வெளிநாட்டில் ஓட்டல் வேலை என்று ஒரு வரி போதும், ஒயின் என்ற சொல் நினைவு மலரில் வேண்டாம் என்றார் சித்தப்பா. குடும்ப மரியாதை கருதித்தான் சொன்னார். அம்மா கேட்கவில்லை. உள்ளதை எழுதச் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அத்தான் வீட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. அதன் கீழே கொடி நறுக்கும் கவாத்துக் கத்தியோடு அண்ணாந்தே வாழ்ந்தார் அக்கா. அத்தானைக் குடி கொண்டுபோனது. பந்தலைப் பங்காளிகள் கொண்டுபோனார்கள். மலையேறித் திரும்பியவர் குமுளியில் ஒரு தங்கும் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தார். அங்கே விருந்தினராக வந்த இலோனா அம்மையார், அக்காவின் ரசத்தில் மனம் பறிகொடுத்து, ஹங்கேரியின் தென்கோடியில் வில்லாஞ் என்னும் ஊரில் தாங்கள் நடத்தும் திராட்சைத் தோட்டத்து விடுதிக்குச் சமைக்க அழைத்தார். போன அக்கா அடுப்படியில் அடங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, இடுப்புயரக் கம்பிகளில் வரிசை வரிசையாகக் கொடிகள். குளிர்காலக் கவாத்துக்கு ஆள் குறைந்தபோது கத்தியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பிறகு ஒயின் பீப்பாய்கள் கிடக்கும் நிலவறை. பிறகு, வருகிற பயணிகளுக்குத் திராட்சைகளை அறிமுகப்படுத்தும் வேலை.

நிலவறை என்றதும் அம்மா பதறிப்போனார். முதல் விடுமுறையில் வந்த அக்காவை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். “அப்பா ஃபாக்டரியில சாயாவ உறிஞ்சித் துப்பித்தானே ருசி பாத்தாக? நானும் ஒயின வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருவேம்மா” என்றார் அக்கா. எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, ஒரு சொட்டும் தொண்டையில் இறங்காது என்று சத்தியம் செய்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் போனில் திராட்சைகள் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கின. எல்லாம் பிரான்சிலிருந்து வந்து ஹங்கேரி மண்ணில் ஊன்றிக்கொண்ட இனங்கள். தலைநகருக்குப் பக்கத்தில் எத்யெக் என்ற ஊரின் சுண்ணாம்பு மேடுகளில் ஷார்டொனே: நட்ட மண்ணின் பேச்சைப் பேசும் சாதுப் பிள்ளை. அதே மேடுகளில் சொவின்யோன் பிளாங்க்: கவாத்து வெட்டிய அன்று எழும் பச்சை வாசம். வடக்கே எகெரின் குளிரில் பினோ நுவார்: மெல்லிய தோல், ஏலச்செடியைப்போல வெயில் கூடினால் முகம் சுருங்கிவிடும். பாலாட்டோன் ஏரிக்கரையில் பினோ கிரி: சாம்பல் துறவி என்று பொருள்படும் ஹங்கேரியப் பெயரே அதற்கு வாய்த்துவிட்டது.

அவருடைய செல்லம் கேபர்னே பிராங்க். உலகம் கொண்டாடும் கேபர்னே சொவின்யோனுக்கும், சீக்கிரம் பழுத்து மிருதுவாய் இறங்கும் மெர்லோவுக்கும் அதுதான் தகப்பன்.

“பிள்ளைகளத்தான் எல்லாருக்கும் தெரியும், தகப்பன எவனுக்கும் தெரியாது. இங்க வில்லாஞ்சுல மட்டும் தகப்பனுக்குத்தான் மொத மரியாத” என்றார். ரெண்டுக்கும் தாய் வேறு வேறு என்றும் சொன்னார்.

“அப்ப அதுக்கும் ரெண்டு பொண்டாட்டியா?” என்று அம்மா கேட்டார். “நம்ம மேல்லயத்துக் கங்காணி கணக்காவுல்ல இருக்கு.”

அந்தப் பக்கம் அக்கா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

பிறகு வயிற்றில் நோய் வந்தது. அக்கா ஊர் திரும்பினார். கடைசி மாதங்களில் அம்மா கஞ்சி ஊட்டினார், கால் பிடித்தார், தலை சீவினார். சத்தியத்தைக் காத்தாயா என்ற அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அக்கா போன பிறகு அது அம்மாவைத் தின்னத் தொடங்கியது. சத்தியம் தப்பியதால்தான் போனாளோ? அந்தச் சத்தியத்தை வாங்கியது நான்தானே? கட்டிலில் படுப்பார், எழுந்து வாசலுக்கு வருவார், மேகம் இறங்கிய ரோட்டைப் பார்ப்பார், திரும்புவார். அம்மாவோடு சேர்ந்து வீடும் கண்ணயரவில்லை.

சென்ற மாதம் ஆண்டுத் திதியன்று இலோனா அம்மையார் அக்காவின் படத்துக்கு மாலை போட வந்தார். உறவினர் கூடியிருந்தோம். பந்தி போடும் முன்பே அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் மக அங்க குடிச்சாளா? கேளுலே” என்றார் என்னிடம். கேட்டேன். இலோனா அம்மையார் நெடுநேரம் பேசினார். நான் பந்திக்கு இலை எடுக்கத் திரும்பினேன்.

“அவுக சொல்லுதத முழுங்காம சொல்லு.”

சொன்னேன். ஒரே ஒரு முறை. நோய் வருவதற்குப் பல அறுவடைகளுக்கு முன்பு. கேபர்னே பிராங்க் விழுங்கிய பிறகும் தொண்டையில் நிற்கும் என்று பயணிகளிடம் நாள்தோறும் சொல்லிவந்த அக்கா, ஒருநாள் அவர்கள் போனபின், தான் அறியாததைச் சொல்லிக்கொண்டிருப்பதாக வருந்தியிருக்கிறார். இதுவும் பொய்தானே என்றிருக்கிறார். ஒரு மிடறு விழுங்கிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். ஏன் பார்த்தார் என்று இலோனா அம்மையாருக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் முதல் பழையபடி துப்பத் தொடங்கிவிட்டார்.

சித்தப்பா தலை குனிந்தார். அம்மா மெதுவாக இலோனா அம்மையார் பக்கம் திரும்பித் தன் தொண்டையைத் தொட்டார்.

“நின்னுச்சாமா?”

நான் மொழிபெயர்க்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. தானும் தொண்டையைத் தொட்டுக் காட்டி ஆமெனத் தலையசைத்தார். “சரி, அதையும் எழுதிரு” என்று சொல்லிவிட்டு அம்மா போய்ப் படுத்தார்.

அக்காவை மலைப்பாதையில் குலுங்காமல் ஜீப்பில் கொண்டுசேர்த்த அயலாருக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், கடல் கடந்து வந்து உள்ளதை உள்ளபடி சொன்ன இலோனா அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அன்று இலை போட்டு, சோறு ஆறிப்போன பிறகும், ஓராண்டுக்குப் பின் அயர்ந்து உறங்கிய அம்மாவை எழுப்ப வேண்டாம் என்று பசியோடு காத்திருந்த உறவினர் அனைவருக்கும் நன்றி.